டார்த் வேடர் உடையை நீங்களே செய்யலாம்: சென்னையில் காஸ்ப்ளே தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஸ்டார் வார்ஸ் படங்களின் வில்லன் டார்த் வேடரின் உடை ஏறக்குறைய முழுவதும் கருப்பு. மார்பிலும் இடுப்பிலும் உள்ள சில விசைகளைத் தவிர அதில் பளிச்சென்ற வேறு நிறத்துக்கு இடமே இல்லை. கதைப் பாத்திரங்களைப்போல் உடையணிந்து வேடமிடும் காஸ்ப்ளேவுக்குப் புதிதாக வருபவர்கள் பலர் இதனாலேயே இதை எளிய வேடம் என்று எண்ணிவிடுகிறார்கள். கருப்புச் சட்டை, கருப்புப் போர்வை, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் முகமூடி ஆகியவற்றோடு அரங்குக்குள் வந்து நின்றால், புகைப்படத்தில் தலையிலிருந்து கால்வரை ஒரே கரிய திட்டுதான் விழும். கவசம் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. பளபளக்கும் கருப்பு, தோலின் மங்கிய கருப்பு, ஒளியை உறிஞ்சிக்கொள்ளும் துணியின் கருப்பு எனப் பல கருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால்தான் திரையில் அந்த வில்லன் நம்மை அச்சுறுத்துகிறான். ஒவ்வொரு பாகத்தையும் செய்யும்போது அந்த வேறுபாட்டைக் காப்பாற்றுவதே முக்கியமான வேலை. சென்னையின் புழுக்கத்தில் இதை அணிந்து மணிக்கணக்கில் நிற்கப்போகும் மனிதரைக் காப்பாற்றுவது அதற்குச் சற்றும் குறையாத வேலை.

எந்தப் படத்தின் உடை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வேடரின் உடை படத்துக்குப் படம் மாறியிருக்கிறது. 1977-இல் வெளிவந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் கையில்லாத உள்ளங்கி தோள்கவசத்தின் மேலே விழுந்திருக்கும். 1980-இல் வந்த இரண்டாம் படத்தில் அதே அங்கி கவசத்துக்கு அடியில் போய்விட்டது. முதல் படத்தின் முகக்கவசத்தில் பளபளப்பான கருப்பும் துப்பாக்கி உலோகத்தின் சாம்பல் நிறமும் பகுதி பகுதியாகப் பூசப்பட்டிருந்தன. ஒரு படத்தின் தோள்கவசத்தையும் இன்னொரு படத்தின் அங்கி அமைப்பையும் கலந்துவிட்டால், விவரம் தெரிந்தவர்கள் கண்ணில் அது உடனே படும். எனவே ஒரே படத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் காட்சிகளிலிருந்து முன், பின், பக்கவாட்டுத் தோற்றங்களைச் சேகரித்து, பெரிய அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு நான் முதல் படத்தின் உடையையே பரிந்துரைப்பேன். அங்கி கவசத்தின் மேல் விழுவதால், தோளுக்கும் மார்புக்கும் இடையிலான இணைப்புகள் பெரும்பாலும் மறைந்துவிடும். கைவேலையில் சிறு குறை இருந்தாலும் வெளியே தெரியாது.

இந்த உருவம் பிறந்த விதத்தைத் தெரிந்துகொள்வதும் உதவும். ஓவியர் ரால்ஃப் மெக்வாரி, ஒரு விண்கலத்திலிருந்து இன்னொன்றுக்கு விண்வெளி வழியாகச் செல்லும் பாத்திரத்துக்கு மூச்சுவிட ஏதாவது வேண்டுமே என்று எண்ணித்தான் முகத்துக்குச் சுவாசக் கருவியை வரைந்தார். அந்தத் தலைக்கவசத்தில் ஜப்பானியச் சாமுராய் வீரர்களின் கவசச் சாயல் உண்டு. உடை வடிவமைப்பாளர் ஜான் மோலோ அந்த ஓவியங்களை அணியக்கூடிய உடையாக்கினார். அந்தப் படத்தின் உடைகளுக்காக அவருக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. தலைக்கவசத்தைக் கையால் வடித்தவர் பிரையன் மியூர் என்ற சிற்பி. கையால் வடித்ததால் அதன் இடப்பாதியும் வலப்பாதியும் துல்லியமாக ஒத்திருக்கவில்லை. உங்கள் கவசத்தின் ஒரு கன்னம் மற்றதைவிட ஒரு நூலளவு தடித்துப் போனால் அதற்காக அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

வேடரின் உடலாக நடித்த டேவிட் ப்ரவுஸ் 6 அடி 6 அங்குல உயரமானவர். நம்மில் பெரும்பாலோர் அதைவிட ஓரடி குறைவு. ஆகவே அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் முழு உயரப் புகைப்படம் ஒன்றை அச்சிட்டு, அதன்மேல் தலைக்கவசம், தோள்கவசம், விசைகள் உள்ள மார்புப் பெட்டி, முதுகில் தொங்கும் மேலங்கி ஆகியவற்றைப் பென்சிலால் வரைந்து பாருங்கள். குள்ளமாகத் தெரிந்தால் தலைக்கவசத்தின் அகலத்தையும் மார்புப் பெட்டியையும் சற்றுச் சுருக்க வேண்டும். தோளை மேலும் அகலப்படுத்தக் கூடாது. பிறகு நாளிதழ்த் தாளில் அதே அளவுக்கு வெட்டி, உடம்பில் ஒட்டிக்கொண்டு கண்ணாடிமுன் நின்று சரிபாருங்கள். ஒரு மாலைப்பொழுது போனாலும், பின்னால் பொருளும் பணமும் வீணாகாமல் இருப்பது இந்த வேலையால்தான்.

மழையையும் பண்டிகைகளையும் கணக்கில் வைத்து நாள் குறியுங்கள்

காமிக்ஸ், திரைப்பட ரசிகர்களின் விழாவான காமிக் கான் சென்னையில் முதன்முதலாக 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது. பிப்ரவரி நிகழ்ச்சி ஒன்றைக் குறிவைத்தால் ஆகஸ்ட் மாதமே வேலையைத் தொடங்குவது நல்லது. ஆறு மாதம் அதிகம் என்று தோன்றலாம்; ஆனால் அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. அந்த நாள்களில் பெயின்ட் அடித்தால் சரியாக வராது. ஆகவே தலைக்கவசத்தையும் தோள்கவசத்தையும் செப்டம்பருக்குள் பூசி முடித்துவிட வேண்டும். தீபாவளிக்கு முன்பு எந்தத் தையற்காரரும் இதுபோன்ற வேலையைத் தொடமாட்டார். பண்டிகை முடிந்த கையோடு துணியைக் கொடுத்து, பொங்கல் நெருக்கடிக்கு முன்பே வாங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் மார்புப் பெட்டி, மின்விசிறி இணைப்பு போன்ற வீட்டுக்குள் செய்யும் வேலைகளை வைத்துக்கொள்ளலாம். ஜனவரி முழுவதும் அணிந்து பழகுவதற்கு.

காலணி முதலில், மேலங்கி கடைசியில்

மேலங்கியின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பது காலணியின் உயரத்தைப் பொறுத்தது. எனவே எதையும் தைக்கக் கொடுப்பதற்கு முன் காலணியை முடிவு செய்துவிடுங்கள். முழங்கால்வரை வரும் கருப்பு பூட்ஸ் கிடைத்தால் நல்லது; கிடைக்காவிட்டால் கனமான அடித்தளம் கொண்ட சாதாரணக் கருப்புக் காலணியின் மேல், ரெக்சினில் கணுக்கால்முதல் முழங்கால்வரை உறை தைத்து, பின்புறம் வெல்குரோவால் ஒட்டிக்கொள்ளலாம். முன்புறம் ஃபோமில் செய்த கணைக்கவசம் வந்துவிடுவதால் வேறுபாடு தெரியாது. உயரத்துக்காக உள்ளே அட்டை வைப்பதானால் ஓர் அங்குலம் போதும். அதற்குமேல் போனால் நடை தள்ளாடும். வேடருக்குத் தள்ளாட்டம் அறவே பொருந்தாது.

கையுறைக்கு பைக் ஓட்டுவோர் அணியும் தோல் கையுறையே போதுமானது. அதன்மேல் உள்ள நிறுவன முத்திரையை மட்டும் பிரித்தெடுத்துவிடுங்கள்.

உடலோடு ஒட்டிய உடை

வேடரின் கைகளிலும் கால்களிலும் தெரிவது தையல் வரிகள் ஓடும் தோலுடை. கார் இருக்கை உறைகளுக்கும் சோபாக்களுக்கும் ஸ்பாஞ்சு வைத்து வரிவரியாகத் தைத்த ரெக்சின் கிடைக்கிறது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சீட் கவர் தைக்கும் கடைகளில் கேட்டால், நீங்கள் சொல்லும் இடைவெளியில் வரியோட்டித் தருவார்கள். படத்தில் வரிகள் எந்தத் திசையில், எவ்வளவு நெருக்கமாக ஓடுகின்றன என்பதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். பளபளப்பான ரெக்சினை வாங்க வேண்டாம். கவசத்துக்கென்று ஒதுக்கிவைத்த பளபளப்பை உடலுடைக்குக் கொடுத்துவிட்டால் கவசம் எடுபடாது.

சென்னைக்காரர்கள் அடுத்து எடுக்கும் முடிவில்தான் இந்த உடையின் வெற்றி இருக்கிறது என்பேன். ரெக்சினில் காற்றுப் புகாது. உடல் முழுவதும் ரெக்சினால் மூடிக்கொண்டு அரைமணி நேரம் நின்றால், குளிரூட்டப்பட்ட அரங்கிலும் வியர்வை வழிந்து காலணிக்குள் இறங்கும். கண்ணில் படும் இடத்தில் மட்டும் ரெக்சின் இருந்தால் போதும். கைகளின் வெளிப்புறம், மார்பின் முன்பகுதி, தொடையின் முன்பகுதி ஆகியவை ரெக்சின். முதுகு, அக்குள், கைகளின் உட்புறம், தொடையின் பின்புறம் அனைத்தும் கருப்புப் பனியன் துணி. முதுகையும் தொடையின் பின்புறத்தையும் மேலங்கி மறைத்துவிடும்; கைகளைத் தாழ்த்தியிருந்தால் மற்றவையும் அதிகம் தெரியாது. பனியன் துணி இழுத்தால் நீள்வதால் உட்கார்ந்து எழவும் இது வசதியாக இருக்கும். தைப்பதற்கு முன் துணியை உப்புத் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து, சாயம் போவது நிற்கும்வரை அலசுங்கள். இல்லாவிட்டால் வியர்வையில் சாயம் இறங்கித் தோலில் படியும்.

ஒரே உடையாக இல்லாமல் மேலுடை, கீழுடை என இரண்டாகத் தைப்பதே நல்லது. கழிவறைக்குப் போவதற்காக முழு வேடத்தையும் கழற்ற நேர்ந்தால் எவ்வளவு தொல்லை என்பதை நிகழ்ச்சிக்கு ஒருமுறை போனவர்கள் சொல்லாமலே அறிவார்கள்.

உள்ளங்கியும் மேலங்கியும்

துணி வாங்க பாரிமுனைக்குப் பக்கத்திலுள்ள கோடவுன் தெருவுக்குப் போகலாம். கருப்பு என்ற பெயரில் அங்கே எத்தனையோ கருப்புகளை விரித்துப் போடுவார்கள். கடையின் குழல்விளக்கின்கீழ் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். துணியின் ஒரு முனையை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். ஒன்று பழுப்படிக்கும், ஒன்று நீலமடிக்கும், இன்னொன்றில் ஊதாச் சாயை இருக்கும். பிறகு கைப்பேசியின் ஃபிளாஷைப் போட்டு ஒரு படமும் எடுங்கள். நிகழ்ச்சியில் உங்களை எல்லோரும் கைப்பேசியில்தான் படமெடுக்கப் போகிறார்கள். அதில் சாம்பலாக வெளுக்காமல் கருப்பாகவே நிற்கும் துணிதான் மேலங்கிக்கு ஏற்றது. பளபளப்பில்லாத, கனமாகத் தொங்கக்கூடிய கபார்டின் அல்லது ட்வில் பொருத்தமாக இருக்கும். சாட்டின் வேண்டாம்.

58 அங்குல அகலத் துணியில் மேலங்கிக்கு ஐந்து முதல் ஆறு மீட்டர் தேவைப்படும். உள்ளங்கிக்கு அதைவிட மெல்லிய, சற்றே மாறுபட்ட நெசவுள்ள துணியை எடுங்கள். இரண்டுக்கும் ஒரே துணியை எடுத்தால் அடுக்கு தெரியாது. மேலங்கியின் விளிம்பு, காலணி அணிந்த நிலையில் தரையிலிருந்து ஓர் அங்குலம் மேலே நிற்கட்டும். மடித்துத் தைத்த விளிம்புக்குள் மெல்லிய இரும்புச் சங்கிலியை நுழைத்துவிட்டால், நடக்கும்போது துணி சுருண்டு எழாமல் கனமாகப் புரண்டு வரும்.

மேலங்கியின் முழுக் கனத்தையும் கழுத்தில் உள்ள சங்கிலியில் தொங்கவிடுவது ஆபத்தானது. யாராவது தெரியாமல் விளிம்பை மிதித்துவிட்டால் அது தொண்டையை இறுக்கும். துணியின் உட்புறத்தில் தோள்கள் இரண்டிலும் அழுத்துப் பொத்தான்களைத் தைத்து, கவசத்தோடு பொருத்திவிடுங்கள். இழுத்தால் பொத்தான் கழன்றுகொள்ளும். கழுத்துச் சங்கிலி வெறும் அலங்காரத்துக்கு.

தோளும் மார்பும்: ஃபோம் கவசம்

காலணி செய்வோருக்கான பொருள்கள் விற்கும் பெரியமேட்டுக் கடைகளில் ஈவிஏ ஃபோம் எனும் மெத்தென்ற தாள்கள், ரப்பர் பசை, ரெக்சின், வளையம், கொக்கி ஆகியவற்றை ஒரே சுற்றில் வாங்கிவிடலாம். இடுப்புக்கான அகலமான தோல் பட்டையையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். கவசத்துக்கு 5 மில்லிமீட்டர் தடிமனும், அதன்மேல் ஓடும் வரிப்புடைப்புகளுக்கு 2 மில்லிமீட்டர் தடிமனும் போதும்.

செய்தித்தாளில் வெட்டி உடம்பில் சரிபார்த்த வடிவத்தை ஃபோமில் வரைந்து, புது அலகு போட்ட கட்டரால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். அலகு மழுங்கினால் ஃபோம் பிய்ந்து பல்பல்லாக வரும். வெட்டிய துண்டை வளைப்பதற்கு முன், அதன் மேற்பரப்பு முழுவதையும் ஹீட் கன் என்ற வெப்பக்காற்றுக் கருவியால் சீராகச் சூடாக்குங்கள். சொரசொரப்பாக இருந்த பரப்பு ஒரு கட்டத்தில் லேசாக மினுமினுக்கும். நுண்துளைகள் மூடிக்கொண்டன என்பதற்கு அதுவே அடையாளம். அந்தச் சூட்டிலேயே தோளின்மேல் அல்லது ஒரு பெரிய பாத்திரத்தின்மேல் வைத்து, ஆறும்வரை அழுத்திப் பிடித்தால் வளைவு நிலைத்துவிடும். வெறுங்கையால் பிடிக்காமல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு, செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் மஞ்சள் நிற ரப்பர் பசைக்கு ஈடு இல்லை. இரண்டு விளிம்புகளிலும் மெல்லிதாகத் தடவி, பத்து நிமிடம் காத்திருங்கள். விரலின் பின்புறத்தை வைத்தால் ஒட்டாமல் எழுந்து வர வேண்டும். அப்போது இரண்டையும் சேர்த்தால் அந்தக் கணமே பிடித்துக்கொள்ளும். சேர்த்த பிறகு நகர்த்த முடியாது என்பதால், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சிறிது சிறிதாகப் பொருத்திக்கொண்டே போங்கள். இந்தப் பசையின் வாடையும் பெயின்ட் வாடையும் உடலுக்குக் கெடுதலானவை. மொட்டைமாடியிலோ கதவு திறந்த பால்கனியிலோதான் வேலை செய்ய வேண்டும். என்95 முகக்கவசம் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவிக்கான கரி வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபோம் பெயின்ட்டை உறிஞ்சும். வெள்ளைப் பசையில் சிறிது தண்ணீர் கலந்து, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு நான்கைந்து பூச்சுகள் கொடுத்தால் மேற்பரப்பு அடைபடும். அதற்குப் பிறகே கருப்பு, அதன்மேல் பளபளப்புக்கான கிளியர் பூச்சு. மார்பு, முதுகுத் தகடுகளைத் தோளில் எலாஸ்டிக்காலும் பக்கவாட்டில் கொக்கியாலும் இணைத்தால் ஒருவரின் உதவியோடு இரண்டு நிமிடத்தில் அணிந்துவிடலாம்.

தலைக்கவசம்: நேரத்தையும் பணத்தையும் இங்கே செலவிடுங்கள்

மொத்தச் செலவில் பாதி இதற்குப் போனாலும் தவறில்லை. முகக்கவசம், அதன்மேல் கவிழும் குல்லாய் என இது இரண்டு பாகமாக வரும். ஃபோமிலும் செய்யலாம், ஆனால் வேடரின் குல்லாயில் தேவைப்படும் கண்ணாடிபோன்ற வழவழப்பை ஃபோமில் கொண்டுவருவது கடினம். சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கத்தில் சினிமா கலைத்துறைக்கு ஃபைபர் வேலை செய்யும் பட்டறைகளில் வார்த்து வாங்கினால் உறுதியாக இருக்கும், கனமும் கூடும். புதியவர்களுக்கு நடுவழி முப்பரிமாண அச்சுதான் (3டி பிரின்டிங்). உங்கள் தலையின் சுற்றளவை நெற்றிக்கு மேலே நாடாவால் அளந்து, உள்ளே மெத்தையும் விசிறியும் வைக்க எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கூட்டி, தலைக்கவசத்தின் கணினிக் கோப்பில் உள்ள வடிவத்தை அந்த அளவுக்கு மாற்றிக்கொண்டு அச்சிடக் கொடுங்கள்.

எந்தப் பிளாஸ்டிக்கில் அச்சிடுவது என்பது சென்னையில் சிறிய கேள்வி அல்ல. மலிவாகவும் எளிதாகவும் அச்சாகும் பிஎல்ஏ, 60 டிகிரி வெப்பத்தை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். நண்பகல் வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் கருப்புப் பொருள் அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும். கன்னம் உள்ளே வளைந்த கவசத்தை மீண்டும் நிமிர்த்துவது கடினம். சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் 80 டிகிரிவரை தாங்கும் பிஇடிஜியில் அச்சிடுவதே பாதுகாப்பானது.

அச்சிலிருந்து வந்த பொருளில் வரிவரியாக அடுக்குகள் தெரியும். அவற்றை மறைப்பதற்கு டிங்கரிங் பட்டறையில் கார் கதவுக்குப் பட்டி பார்க்கும் அதே முறைதான். முதலில் 120 எண் உப்புத்தாளால் மேடுகளைத் தேய்த்து, கார் பட்டியை மெல்லிதாகத் தகட்டால் இழுங்கள். காய்ந்ததும் 220, பிறகு 400. அடுத்து பிரைமர் அடித்து, காய்ந்தபின் 600, 800 வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேயுங்கள். கைக்கு வழவழவென்று இருப்பதை நம்பிவிடாதீர்கள். கவசத்தை ஈரமாக்கி, எரியும் குழல்விளக்கின்கீழ் மெதுவாகத் திருப்புங்கள். ஈரப் பரப்பில் விழும் விளக்கின் வெள்ளைக் கோடு எங்கேயாவது நெளிந்தால் அங்கே பள்ளமோ மேடோ இருக்கிறது என்று பொருள். பென்சிலால் அங்கே வட்டமிட்டு, மீண்டும் பட்டி வையுங்கள். இந்தச் சோதனையை இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். பொறுமை இழக்கத் தோன்றும் இடமும் இதுதான். ஆனால் பளபளக்கும் கருப்பைப்போல் குறையைக் காட்டிக்கொடுக்கும் நிறம் வேறில்லை. பிரைமரின் சாம்பலில் கண்ணுக்குத் தெரியாத சிறு பள்ளம்கூடக் கருப்பு விழுந்ததும் எட்டடி தூரத்திலிருந்தே தெரியும்.

ஸ்பிரே அடிப்பதற்கு மழையில்லாத நாளில் காலை பத்து மணிக்குமேல் தொடங்குங்கள். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும்போது அடித்தால், பெயின்ட்டின் கரைப்பான் வேகமாக ஆவியாகி, பரப்பைக் குளிர்வித்து, காற்றிலுள்ள ஈரத்தை அதன்மேல் படியவைக்கும். கருப்பின்மேல் வெண்மூட்டம் படர்வது அதனால்தான். நேர் வெயிலிலும் வேண்டாம், நிழல் போதும். 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஓட்டி, மெல்லிய பூச்சுகளாக, இடையில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடியுங்கள். முதல் படத்தின் வேடர் என்றால், கருப்பு நன்றாகக் காய்ந்த மறுநாள் முகக்கவசத்தில் சாம்பல் வரவேண்டிய பகுதிகளை மட்டும் விட்டு மற்றவற்றை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு அந்த நிறத்தை அடிக்க வேண்டும். இரண்டும் அருகருகே வந்த பிறகு பாருங்கள். அதுவரை தட்டையாகக் கிடந்த முகம் எலும்பும் குழியுமாக எழுந்து நிற்கும்.

கண்ணாடிக்கு, பைக் ஹெல்மெட்டின் கருமை பூசிய முன்மறைப்பை வாங்கி வெட்டிக்கொள்ளலாம். அது ஏற்கெனவே வளைந்திருப்பதால் கண்குழிக்குள் அழகாக உட்காரும். மிகக் கருமையானதை எடுக்காதீர்கள். அரங்கின் மங்கிய வெளிச்சத்தில் எதிரே ஓடிவரும் குழந்தை உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

காற்று இல்லாமல் இந்தக் கவசத்தை அணியவே கூடாது. ரிச்சி தெருவில் 40 மில்லிமீட்டர் அளவுள்ள 5 வோல்ட் விசிறிகள் இரண்டு வாங்குங்கள். ஒன்று வாய்ப்பகுதியின் சல்லடை வழியாக வெளிக்காற்றை உள்ளிழுத்துக் கண்ணாடியின் உட்புறத்தில் வீசும்படியும், மற்றொன்று பின்கழுத்துக்கு மேலே சூடான காற்றை வெளியே தள்ளும்படியும் வையுங்கள். முதல் விசிறி இல்லாவிட்டால் மூச்சின் ஈரம் கண்ணாடியில் படிந்து பார்வையை மறைத்துவிடும். இடுப்புப் பட்டையில் வைக்கும் 5,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க் ஒன்று இரண்டு விசிறிகளையும் பல மணி நேரம் ஓட்டும். சில பவர் பேங்குகள் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் தாமே அணைந்துவிடும். எனவே வீட்டிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். குல்லாய் முகக்கவசத்தோடு காந்தங்களால் சேரட்டும். மயக்கம் வருவதுபோல் இருந்தால் இரண்டே அசைவில் கழற்ற முடிய வேண்டும்.

மார்புப் பெட்டி

விளம்பரப் பலகை செய்பவர்கள் பயன்படுத்தும் 3 மில்லிமீட்டர் சன்போர்டு இதற்குப் போதும். கட்டரால் வெட்டி ஒட்டினால் கூர்மையான விளிம்புகள் வரும், கனமும் இருக்காது. விசைகளுக்கும் கோடுகளுக்கும் படத்தைப் பார்த்து நிறம் கொடுங்கள். இதையும் இடுப்பையும் தவிர முழு உடையிலும் பளிச்சென்ற நிறம் வரும் இடம் வேறில்லை என்பதால் மிகைப்படுத்திவிட வேண்டாம். விளக்கு வைப்பதானால் 5 வோல்ட்டுக்கு ஒவ்வொரு எல்இடிக்கும் ஒரு 220 ஓம் மின்தடை போதுமானது. பெட்டியின் பின்னால் சிறிய புளூடூத் ஒலிபெருக்கி வைக்க இடம் விடுங்கள். அந்தப் புகழ்பெற்ற மூச்சொலியை, ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் நீருக்கடியில் நீந்துவோர் பயன்படுத்தும் சுவாசக் கருவியில் மூச்சுவிட்டுப் பதிவு செய்தார். நீங்களும் ஒரு பிளாஸ்டிக் குழாயில் மெதுவாக மூச்சுவிட்டுக் கைப்பேசியில் பதிவு செய்து, தொடர்ந்து ஓடவிடலாம்.

அணிந்து பழகுங்கள்

திரையில் வேடரைப் பலர் சேர்ந்து உருவாக்கினார்கள். உடல் டேவிட் ப்ரவுஸுடையது, குரல் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸுடையது. பின்வந்த படங்களில் வாள்சண்டைக்கு பாப் ஆண்டர்சன் என்ற வாள்வீரர் இறங்கினார். உங்களுக்கு அந்த வசதி இல்லை. நடையும் நிலையும் உங்களுடையவையே. ஜனவரியில் வாரம் ஒருமுறை முழு உடையோடு வீட்டுக்குள் நடந்து பழகுங்கள். முதல் தடவை பத்து நிமிடம், பிறகு கால்மணி, அரைமணி என்று கூட்டுங்கள். கவசத்துக்குள்ளிருந்து காலடி தெரியாது. படியிறங்குவதைத் துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு பழக வேண்டும். தலையை மட்டும் திருப்பாமல் தோளோடு சேர்ந்து திரும்புவதும், கட்டைவிரல்களை இடுப்புப் பட்டையில் கோத்து அசையாமல் நிற்பதும் கைவந்துவிட்டால், உடையின் மதிப்பு இரண்டு மடங்காகத் தெரியும்.

1997-இல் தொடங்கிய 501-ஆவது லீஜியன் என்ற உலகளாவிய தன்னார்வலர் அமைப்பு, ஸ்டார் வார்ஸ் வில்லன்களின் உடைகளுக்கென்றே விரிவான தர அளவுகளை வகுத்து வைத்திருக்கிறது. முதல் உடையை அதற்கு ஏற்பச் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் எந்தப் பாகம் எப்படி இருக்க வேண்டும் என்ற ஐயம் வரும்போது அந்த அளவுகோலைப் பார்த்துத் தெளிவு பெறலாம்.

நிகழ்ச்சி நாளில்

உடலுடையையும் காலணியையும் மட்டும் வீட்டிலேயே அணிந்துகொண்டு, மற்றவற்றைப் பெரிய பையில் எடுத்துச் செல்லுங்கள். வர்த்தக மையத்துக்கு ஆலந்தூர் மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் போகலாம். மெட்ரோவில் பைகளைச் சோதிப்பார்கள். வேடர் ஏந்தும் சிவப்பு ஒளிவாளின் பிடியை உலோகத்தில் செய்யாமல் பிவிசி குழாயில் செய்து, ஒளிரும் குழலையும் பிடியையும் தனித்தனியாகக் கழற்றி வைத்திருந்தால் விளக்கிச் சொல்வது எளிது. ஆயுதப் பொம்மைகளுக்கு அந்தந்த நிகழ்ச்சியின் விதிகள் வேறுபடும் என்பதால் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர் ஒருவர் துணைக்கு வருவது அவசியம். கூட்டத்தில் வழி விலக்க, மேலங்கியை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ள, உங்கள் கைப்பேசியையும் பணப்பையையும் வைத்திருக்க வேடருக்கு ஓர் ஆள் வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை கவசத்தைக் கழற்றி, உப்புப் போட்ட மோரோ தண்ணீரோ குடியுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள். அந்த நண்பரின் பையில் ஃபெவிக்விக், கருப்பு இன்சுலேஷன் டேப், ஊக்குகள், ஊசி நூல், இரண்டாவது பவர் பேங்க் ஆகியவை இருக்கட்டும். குழந்தைகள் படமெடுக்க வந்தால் முதலில் பெற்றோரின் முகத்தைப் பாருங்கள்; குழந்தை பயந்தால் இரண்டடி பின்வாங்கி, ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து கையசைத்தால் பெரும்பாலும் அருகில் வந்துவிடும்.

வீடு திரும்பிய அன்றிரவே உடலுடையைத் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். ரெக்சின் பகுதிகளை ஈரத்துணியால் துடைத்து, உட்புறம் முழுவதும் காயும்வரை மின்விசிறியின்கீழ் விரித்து வையுங்கள். தலைக்கவசத்தின் உள்மெத்தைகளைக் கழற்றித் தனியே கழுவ வேண்டும். கவசங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பளபளப்பான பூச்சில் கீறல் விழும். இடையில் பழைய பருத்தித் துணியை வைத்துத் தனித்தனிப் பெட்டிகளில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள். ரெக்சினில் பூஞ்சை பிடிப்பது அந்த மாதங்களில்தான்.